விருந்தினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

…அண்ணனாக இருக்க வாய்ப்பில்லை, அவன்தான் கணினிக் கோப்பை அப்போதே மூடிவிட்டதாகச் சத்தியம் செய்கிறானே, மருத்துவமனை நிர்வாகியாகவும் இருக்க முடியாது, அவருக்கு இணைப்பு அனுப்பப்படவேண்டியதே பதினொரு மணிக்குத்தான், அப்படியானால் திரையின் மேல்மூலையில் ஒரு சாம்பல் வட்டத்துக்குள் அமர்ந்துகொண்டு, 'விருந்தினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று மென்பொருளால் மரியாதையோடு அறிவிக்கப்படும் இந்த ஆள் யார்? பெயரில்லை, படமில்லை, ஒரு சிறிய சாம்பல் நிற அம்புக்குறி மட்டும், அதுவும் இவள் வரைந்த மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில், 'எக்ஸ்ரே' என்னும் பலகைக்கும் 'கழிப்பறை' என்னும் பலகைக்கும் நடுவே, வழி தவறிய நோயாளியைப் போல நின்றுகொண்டிருந்தது. வழிகாட்டிப் பலகைகளை வடிவமைப்பது இவளது தொழில். எந்தக் கட்டடத்தில் எவர் நுழைந்தாலும் மூன்று பலகைகளைக் கடப்பதற்குள் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவர் உணர்ந்துவிட வேண்டும் என்று பதினேழு ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லிவருகிறாள், இன்று இவளுடைய கோப்புக்குள்ளேயே ஒருவர் எந்த வாசல் வழியாக நுழைந்தார் என்பது இவளுக்குத் தெரியவில்லை… இல்லை, தெரியும், வாசல் தெரியும், வாசலைத் திறந்து வைத்தவள் இவள்தானே, தெரியாதது வந்த ஆள் மட்டும். அந்த வாசலுக்கு அப்பால், மருத்துவமனையின் நான்கு தளங்களையும் தாண்டி, வலப்புறத்தில் வெகுதொலைவில், எவரும் போகமாட்டார்கள் என்று நம்பி இவள் ஒதுக்கிவைத்த இன்னொரு கட்டடமும் அதே பரப்பில் இருக்கிறது. மூன்றே அறைகள் கொண்ட கட்டடம். இவளும் இவளுடைய அம்மாவும் வசிக்கும் வீடு.

இந்த மென்பொருளில் வரைபரப்புக்கு விளிம்பே கிடையாது, அதுதான் இதன் பெருமை, அதுவே இவள் விழுந்த குழியும். காகிதமாக இருந்தால் வைக்கவேண்டாததை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள். இங்கே, வடிவமைப்பாளர் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம் ஒன்று உண்டு, வேண்டாததை அழிக்க மனம் வராமல் ஓரமாகத் தள்ளிவைப்பது, தள்ளிவைத்தால் மறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது, பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அம்மாவுக்கான பலகைகளைத் தனிக் கோப்பில் தொடங்கியிருக்கலாம், ஏன் தொடங்கவில்லை? மருத்துவமனைக்காக எட்டு வாரங்கள் உழைத்துத் தேர்ந்த எழுத்துருவும், முதியவர்களின் கண்ணுக்கு மங்காத அந்த ஆழ்ந்த மஞ்சளும், கைப்பிடி, படுக்கை, குழாய் என்று வரைந்த சின்னங்களும் அங்கேயே இருந்தன, நகலெடுத்து ஓரத்தில் ஒட்டினால் போதும் என்றிருந்தது. ஒரு மதிய உணவு இடைவேளையில் 'குளியலறை' என்று ஒரே ஒரு பலகை செய்தாள். மறுநாள் 'விளக்கு இங்கே'. அதற்கடுத்த வாரம் 'அடுப்பை அணைத்தாயிற்றா?'. பிறகு வாசற்கதவின் உட்புறத்துக்கு ஒன்று, 'மகள் ஆறு மணிக்கு வருவாள், அதுவரை வீட்டில் இரு' என்று… அதைச் செய்து முடித்த அன்று இவளால் சாப்பிட முடியவில்லை, ஆனால் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் இரண்டு முறை சரிசெய்தாள். அடுத்த வாரம் எல்லாவற்றையும் அச்சிட்டு வீட்டில் ஒட்டுவதாகத் திட்டம். அம்மாவிடம், ஆபீசில் ஒரு சோதனை, வீட்டில் ஒட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்பதற்கு இன்னொரு சொல் உண்டு, அதைத்தான் இவள் நான்கு மாதங்களாக நினைக்காமலிருக்கப் பழகியிருக்கிறாள்.

மருத்துவர் சொன்னது அண்ணனிடம், அண்ணன் சொன்னது இவளிடம், அம்மாவிடம் சொல்வதற்கு மட்டும் ஆளில்லை. "ஆரம்பக் கட்டம்தான், ஆனா மறதி இனிமே கூடத்தான் செய்யும், குறையாது. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், உடைஞ்சு போயிடுவாங்க," என்று அண்ணன் தொலைவிலிருந்து தீர்ப்பளித்தான். தலைமையகம் என்று இவள் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது சும்மா இல்லை, ஆணைகள் அங்கிருந்து வரும், அமலாக்கம் இங்கே நடக்கும். இவள் மறுத்துப் பேசியிருக்கலாம், பேசவில்லை, ஏனென்றால் சொல்லவேண்டாம் என்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால் எப்படிச் சொல்வது என்று இன்னொருத்தி யோசிக்கவேண்டியதில்லை அல்லவா? மூவரும் சேர்ந்த 'வீடு' என்ற குழு ஒன்று கைப்பேசியில் ஏற்கெனவே இருந்தது, காலை வணக்கமும் வானிலைச் செய்தியும் அதில் போகும். அண்ணனும் இவளும் மட்டும் உள்ள இன்னொரு குழுவுக்கு, தப்பித்தவறி அம்மா எட்டிப் பார்த்தாலும் சந்தேகம் எழாதபடி, 'தண்ணீர்த் தொட்டி' என்று பெயரிட்டார்கள். பலகைகளைக் காட்டச் சொல்லி அண்ணன் கேட்டான், இவள் கோப்புக்கு அழைப்பு அனுப்பினாள், அவனால் திறக்க முடியவில்லை. "பாஸ்வேர்ட் கேக்குது, ஓடிபி கேக்குது, என் பல்லைப் பிடிச்சுப் பாக்காததுதான் பாக்கி. சும்மா தட்டினா திறக்கற மாதிரி ஒண்ணு அனுப்பேன்!" தட்டினால் திறப்பதைத்தான் அனுப்பினாள். 'அழைக்கப்பட்டவர் மட்டும்' என்றிருந்த அமைப்பை, 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம், குறிப்பெழுதலாம்' என்று மாற்றிவிட்டு, மாலையில் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்தாள். அந்த மாலை வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன.

இன்று காலை பத்து பன்னிரண்டுக்கு அண்ணன் அந்த இணைப்பை மறுபடி அனுப்பினான், 'இதுல ரெண்டாவதுதான் நல்லாருக்கு, முடிச்சிடு' என்ற சிபாரிசோடு. அனுப்பியது 'தண்ணீர்த் தொட்டி'க்கு இல்லை. 'வீடு' குழுவுக்கு. "ஏய், சாரி, குரூப் மாறிடுச்சு. உடனே அழிச்சுட்டேன். பாத்திருக்க மாட்டாங்க," என்று பிறகு எழுதினான். எவ்வளவு நேரம் இருந்தது என்று இவள் கேட்டாள். "மூணு நிமிஷம். நாலும் இருக்கலாம்." இப்போது கோப்புக்குள் நீதான் இருக்கிறாயா என்று கேட்டாள். "இல்லடி, அப்பவே மூடிட்டேன். ஏன்?" ஏன் என்பதற்கு இவள் இன்னும் பதில் எழுதவில்லை, எழுதினால் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது. குழுவில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற சாய்ந்த எழுத்து மட்டும் கிடக்கிறது, பெயர்த்தெடுத்த பலகை சுவரில் விட்டுப்போகும் சதுரத்தைப் போல, எதுவும் இல்லை என்று சொல்லாமல், ஏதோ இருந்தது என்று சொல்லிக்கொண்டு.

அம்புக்குறி அசைந்தது. இரண்டாம் தளத்தை விட்டுக் கீழிறங்கி, ஒரு இடத்தில் நின்று, பிறகு சட்டென்று வேறோரிடத்தில் முளைத்தது, மவுஸால் இழுக்கிற அம்புக்குறி இப்படித் தாவாது, விரலால் தொடுகிற திரையில்தான் இப்படித் தாவும்… அண்ணன் போன வருடம் வாங்கிக்கொடுத்த டேப், அம்மா அதை மடியில் வைத்து, சுட்டுவிரலை மட்டும் நீட்டி, சூடு பார்ப்பவளைப் போலத் தொடுவாள். இவள் எழுந்து ஜன்னலோரம் போய்க் கைப்பேசியில் அழைத்தாள், மணி பத்தே முக்கால், கண் திரையிலேயே இருந்தது. "அம்மா, என்ன பண்றே?" "உக்காந்திருக்கேன்." "டேப் பாத்துட்டிருக்கியா?" "எதுக்குக் கேக்கறே?" "சும்மாதான்." "சும்மா யாராவது பத்தே முக்காலுக்கு ஃபோன் பண்ணுவாங்களா? உனக்கு ஆபீஸ்ல வேலை இல்லையா, இல்ல வேலையே இல்லைன்னு அனுப்பிட்டாங்களா?" "இருக்கும்மா, பதினொரு மணிக்கு மீட்டிங்." "அப்போ போய் அதைப் பாரு, பாப்பா. நான் எங்க ஓடிப்போறேன்." நாற்பத்தொரு வயதில் பாப்பா. பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அம்புக்குறி அசையவில்லை. வைத்த பிறகு அசைந்தது. இது சாட்சியமாகுமா? ஆகாது, தற்செயலாக இருக்கலாம், ஊரில் யாரோ ஒருவர் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம், தற்செயல் என்பது எவ்வளவு தாராளமான சொல், எதையும் அதற்குள் போட்டு மூடலாம்.

மூடலாம்… பகிர்வு அமைப்பைத் திறந்து, மூன்று வாரங்களுக்கு முன்பு மாற்றிய அதே வரியைப் பழையபடி மாற்றினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பதினொரு மணிக்கு முதலாளி இந்தக் கோப்பைப் பெரிய திரையில் நிர்வாகிக்குக் காட்டப்போகிறார், அவருக்கு அலுவலகத்தில் 'ஒரு மில்லி' என்று பெயர், எதைப் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டர் தள்ளச் சொல்வதால், அவர் ஆரம்பிக்கும்போதே 'அனைத்தையும் காட்டு' என்னும் பொத்தானை அழுத்துகிறவர், அழுத்தினால் மருத்துவமனை ஒரு மூலையில் சுருங்கி, வலக்கோடியில் மஞ்சள் பொட்டுகளாக இவளுடைய வீடு தெரியும், 'அது என்னம்மா தூரத்துல?' என்று கேட்பார். எனவே எதையாவது செய்தே தீரவேண்டும், இவளது விரல் பொத்தானின்மேல்தான் இருந்தது. ஆனால் மூடினால் அந்தப் பக்கத்தில் என்ன தெரியும் என்பது இவளுக்குத் தெரியும், ஒரு பூட்டின் படமும் 'இந்தக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற வரியும் தெரியும், அம்மாவின் முகத்துக்கு நேராக. சரி, மூடாமல் அந்தப் பலகைகளை மட்டும் அழித்துவிட்டால்? அழித்தால் பார்க்கிறவரின் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக மறையும், இப்போது இருந்தது இப்போது இல்லை என்று… சாவியை, கண்ணாடியை, அடுப்பில் வைத்த பாலை, சென்ற வாரத்தின் செவ்வாய்க்கிழமையை முழுதாகத் தொலைத்துவிட்டு, 'நான் பாத்தேனே, இங்கதானே இருந்துச்சு' என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடமிருந்து, உண்மையிலேயே இருந்த ஒன்றைக் கண்முன்னே பறிப்பதா? விரலை எடுத்தாள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அம்மா மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். பள்ளி விட்டதும் இவள் அங்கேதான் போவாள், அட்டைப்பெட்டிகளின்மேல் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், பலகைகளின்மேல் வந்த பித்து அந்த அலமாரிகளைப் பார்த்துத்தான் வந்திருக்கவேண்டும். அம்மா யாருடைய மருந்துச்சீட்டையும் உரக்கப் படித்ததில்லை. வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பழுப்புக் கவருக்குள் மாத்திரைகளைப் போட்டு, கவரின்மேல் வேளையை மட்டும் எழுதி, எழுதிய பக்கத்தை உள்ளே மடித்துக் கொடுப்பாள், அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன நோய் என்று அப்பாவுக்கே சொன்னதில்லை. ஆனால் அந்த இரகசியத்துக்கு ஒரு எல்லை வைத்திருந்தாள். ஒருநாள் நல்ல சட்டை போட்ட மகன் ஒருவன் வந்து, குரலைத் தாழ்த்தி, "மேல இருக்கற பேரைக் கிழிச்சுட்டுக் குடுங்கக்கா, என்ன மாத்திரைன்னு அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்," என்றான். "திங்கறது நீயா, அவரா?" "அவருதான்." "அப்போ அவரையே வரச் சொல்லு தம்பி. ஊருக்குத் தெரியாம நான் பாத்துக்கறேன். அவருக்குத் தெரியாம என்னால முடியாது." அவன் முறைத்துக்கொண்டு போனான், அம்மா அடுத்த சீட்டை வாங்கினாள், பெட்டிமேல் அமர்ந்திருந்த இவள் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாம் வரியை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மகனின் சட்டை இளநீலம். இவ்வளவும் நினைவிருக்கிறது இவளுக்கு. அப்படியிருந்தும் நான்கு மாதங்களாக ஒவ்வொரு காலையும், அண்ணன் மாதாமாதம் வாங்கி அனுப்பும் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து, பெயர் அச்சிட்ட தகட்டைக் கைப்பையில் மறைத்து அலுவலகக் குப்பையில் போட்டுவிட்டு, "சத்து மாத்திரைம்மா," என்று நீட்டுகிறாள். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்ப்பாள். பிறகு விழுங்குவாள். அந்த ஒரு கணத்தில் அவள் என்ன பார்க்கிறாள்? ஆயிரக்கணக்கான மாத்திரைகளை அட்டையோடும் அட்டையில்லாமலும் கையாண்டவளுக்கு ஒரு வெள்ளை வட்டத்தின் விளிம்பும் நடுக்கோடும் எதுவுமே சொல்லாதா?

அம்புக்குறி இப்போது மருத்துவமனையைவிட்டு முழுதாக வெளியேறி, ஒன்றுமே இல்லாத வெண்பரப்பில் வலப்புறமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அங்கே போகமாட்டார்கள் என்று இவள் நம்பிய வெண்மை. எழுத்தில்லாத இடத்தில் மனிதர்கள் திரும்பிவிடுவார்கள், அது இவளது தொழிலின் பாலபாடம், ஆனால் இந்த ஆள் திரும்பவில்லை, தொட்டுத் தொட்டு, நின்று நின்று, போய்ச் சேர்ந்தாயிற்று. முதலில் 'குளியலறை'. பிறகு 'விளக்கு இங்கே'. ஒவ்வொன்றின்மேலும் படிக்கும் நேரம் நின்றது. வாசற்கதவுப் பலகையில் கூடுதலாக நின்றது, ஆறு மணிக்கு மகள் வருவாள் என்பதில். அடுத்து என்ன இருக்கிறது என்று இவளுக்குத் தெரியும், போகாதே என்று திரையிடம் வாய்விட்டுச் சொன்னாள்போலும், எதிர்மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்து இருப்பவை ஒரே வாசகத்தின் நான்கு வடிவங்கள். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, சென்ற மாதத்தில் மூன்று மாலைகளில் அம்மா, "அப்பா இன்னும் வரலையே, ஃபோன் பண்ணிப் பாத்தியா?" என்று கேட்டாள், மூன்று முறையும் முதல் முறை கேட்பவளைப் போல அழுதாள். அதற்காகத்தான் ஒரு அட்டை, படுக்கையின் அருகே வைப்பதற்கு. முதல் வடிவம்: 'அப்பா இறந்துவிட்டார்.' இரண்டாவது: 'அப்பா இப்போது நம்முடன் இல்லை.' மூன்றாவது: 'அப்பா வரமாட்டார். நான் இருக்கிறேன்.' நான்காவதில் அப்பாவின் படமும், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் மட்டும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதைப் போலவே வரிசையாக அடுக்கி, கீழே அ, ஆ, இ, ஈ என்று குறியிட்டிருந்தாள். அவற்றுக்குப் பக்கத்தில் அண்ணனின் குறிப்பு: 'ஆ நல்லாருக்கு. ஆனா கலர் கொஞ்சம் டல்.' அம்புக்குறி 'அ'வின்மேல் நின்றது. 'ஆ'வின்மேல் நின்றது. 'இ'யின்மேல்… எவ்வளவு நேரம்? இவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து ஐம்பத்தாறு, எங்கோ ஒரு அறையில், மடியில் டேப்போடு, தன் கணவன் இறந்த செய்தியை நான்கு எழுத்தமைப்புகளில் ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள், அல்லது எவரோ ஒரு அந்நியர், தவறான இணைப்பைத் தட்டிவிட்டு, யாருடைய வீடு இது என்று விழித்துக்கொண்டிருக்கிறார். அந்நியராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்குள் புகுந்திருக்கவேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா?

"என்னம்மா, ரெடியா?" ஒரு மில்லி கதவருகே வந்து நின்றார். "நிர்வாகி லைன்ல வந்துட்டார். ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" "ரெண்டே நிமிஷம் சார்." "ரெண்டுன்னா ரெண்டு." அவர் போனார். இவள் திரும்பிப் பார்த்தபோது அம்புக்குறி நான்கு அட்டைகளையும் கடந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில், நேற்றுதான் செய்த ஒரு சிறிய பலகைக்கு வந்திருந்தது, அலமாரியின் உட்புறத்தில் ஒட்டுவதற்கானது, உதிக்கும் சூரியனின் சின்னமும், 'காலை: வெள்ளை மாத்திரை ஒன்று' என்ற வரியும். சின்னத்தின் கதிர்கள் சமமாக அமையவில்லையே என்று இரவு படுக்கும்வரை இவளுக்கு உறுத்தலாக இருந்தது. அம்புக்குறி அங்கே நின்றது. நின்றது. பிறகு அதன் பக்கத்தில் ஒரு சிறிய குமிழி முளைத்தது, விருந்தினர் எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்று புள்ளிகள், மறைந்தன, மறுபடி மூன்று புள்ளிகள், ஒரு விரலால் எழுதுகிறவரின் நேரம், எழுத்தைத் தேடித் தேடித் தொடுகிறவரின் நேரம்.

'சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? எழுதலையே.'

அவ்வளவுதான். இவள் அதைப் படித்தாள், மறுபடி படித்தாள். இனி யார் என்ற கேள்வி இல்லை. ஆனால் எந்த அம்மா? கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரோ ஒரு நோயாளியின் கவரில் அரைகுறையாக எழுதியிருப்பதைக் கண்டு முகம் சுளிக்கிறவளா, அல்லது கவுண்டருக்கு முன்னால், கடைசியில் தானே வரிசைக்கு வந்து, தன் மாத்திரையைத் தானே கேட்கிறவளா? அப்பாவின் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அது அவளுக்குப் புரிந்ததாலா, புரியாததாலா? குமிழி சொல்லவில்லை. பதில் பெட்டியைத் திறந்தாள். பின் என்று எழுதப்போனாள். சில நாள் அவசரத்தில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கொடுத்திருக்கிறாள், சில நாள் பின்னால், முதல் நாள் அண்ணன் தொலைபேசியில் ஏதோ சொன்னான், அன்று பேருந்து இரைச்சல்… 'தண்ணீர்த் தொட்டி'யில் எழுதினாள், "அண்ணா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" தலைமையகம் உடனே பதிலளித்தது. "எந்த மாத்திரை? ஓ. டாக்டர் ஏதோ சொன்னாரே. இரு, சீட்டு எங்க வெச்சேன்னு பாக்கறேன்." நான்கு மாதங்கள். எழுத்துருவின் தடிமன், மஞ்சளின் ஆழம், கதிர்களின் சமநிலை… விசைப்பலகையின்மேல் விரல்கள் காத்திருந்தன, தாழ்வாரத்தில் ஒரு மில்லி இரண்டு முறை இருமினார், திரையில் அந்தச் சாம்பல் அம்புக்குறி பலகையை விட்டு நகரவில்லை, சீட்டை நீட்டிவிட்டுக் கவருக்காக நிற்பவர்கள் நிற்பதைப் போல நின்றுகொண்டிருந்தது, இவளுக்கோ அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை, முன்னா, பின்னா, யாரிடம் கேட்டால் தெரியும் என்று மட்டும் தெரிந்திருந்தது.